வாசிக்க முடியாத குறிகள்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயற்குழுவும் முதலில் அப்படித்தான் கேட்டது. ஆனால் இந்த ஆண்டு சங்கீத அறையைத் திருத்தும் வேலை நடக்கிறது. அதனால் பியானோவைப் பற்றி, அதிலும் பியானோ இசைத்தாள்களில் காணப்படும் சில விசித்திரமான குறிகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். சரி என்றார்கள். சீனி வருத்தம் பற்றிய உரை அடுத்த தடவைக்கு.

இங்கே பியானோ படித்தவர்கள் எல்லோரும் றோயல் ஸ்கூல்ஸ் தியரிப் பரீட்சைக்காகக் குறிகளைப் பாடமாக்கியவர்கள்தான். ஒரு குறிக்கு ஒரு பொருள். பலமாக என்றால் பலமாக, வேகத்தைக் குறை என்றால் குறைக்க வேண்டும். ஐந்தாம் தரம் வரைக்கும் அது போதும். அதற்கு மேலே போனால், பாடமாக்கிய பொருளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத குறிகள் வரத் தொடங்கும்.

சில மாதங்களுக்கு முன்னர் பாடசாலைக்கு வந்தபோது உயர்தர வகுப்புத் தங்கை ஒருத்தி பிராம்ஸின் ஓர் இன்டர்மெட்சோவைக் காட்டி, "அன்ரி, இது அச்சுப் பிழையா?" என்று கேட்டாள். ஒரே ஒரு சுரத்தின் மேலே ஹெயர்பின் குறி. விரிந்து, உடனே ஒடுங்குகிறது. ஒலி கூட வேண்டும், பிறகு குறைய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வயலினிலோ நாதஸ்வரத்திலோ இது சிரமமே இல்லை. வாய்ப்பாட்டில் சொல்லவே வேண்டாம். பியானோவில் முடியாது. கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் எழும்பித் தந்தியில் அடித்துவிட்டு உடனே விலகிவிடும். அடித்த கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டு போகும். கட்டையை எவ்வளவு பலமாக அமத்திப் பிடித்தாலும் அந்த ஒலி கூடாது. விரலை எப்போது எடுப்பது என்பது மட்டுந்தான் எங்கள் கையில் இருக்கிறது. இது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் பிழை என்று நினைத்தாள்.

பிராம்ஸ் தானே நல்ல பியானோக் கலைஞர். பியானோவில் என்ன முடியும், என்ன முடியாது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளாரா ஷுமானிடம் படித்த ஃபானி டேவிஸ் என்ற ஆங்கிலப் பெண், பிராம்ஸ் வாசித்ததை நேரில் கேட்டவர். இந்தக் குறியைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார். உள்ளத்தின் நெருக்கத்தையும் இதமான உணர்வையும் காட்ட வேண்டிய இடங்களில் பிராம்ஸ் இதைப் போடுவாராம். ஒலியில் மட்டுமன்றிக் காலத்திலும் அது தெரியுமாம். விட்டுப்போக மனமில்லாதவர்போல அந்த இடத்தில் சற்றுத் தங்குவாராம். அப்படியென்றால் ஒலியின் அளவைக் காட்டும் குறி என்று நாங்கள் படித்ததை அவர் நேரத்துக்கும் மனநிலைக்கும் சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் சுரத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து, பிந்திப் போனால், கேட்பவருக்கு ஒலி விரிந்தது போலவே இருக்கும். பிள்ளையிடம் சொன்னேன், வாசித்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

இந்த வகைக் குறிகளுக்கு அரசர் ரொபேர்ட் ஷுமான். அவருடைய இரண்டாவது பியானோ சொனாட்டாவின் முதற் பகுதி, முடிந்தவரை வேகமாக என்ற கட்டளையோடு தொடங்குகிறது. பகுதியின் முடிவை நெருங்கும்போது, இன்னும் வேகமாக என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு, அதைவிடவும் வேகமாக! முடிந்தவரை என்பதற்கு மேலே எங்கே போவது? ஷுமான் பித்தர் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விரலால் முடிந்தவரை என்று அவர் சொல்லவில்லை, அந்த இடத்து இசை தெளிவாகக் கேட்கக்கூடிய அளவுக்குள் முடிந்தவரை என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டால் முரண்பாடே இல்லை. தொடக்கத்தில் அவர் தரும் எல்லை ஒன்று. முடிவில், இசை தன்பாட்டில் ஓடத் தொடங்கிய பின், எல்லை வேறு. நடைமுறைப் புத்தி ஒன்றும் இதில் இருக்கிறது: முதற் பக்கத்திலேயே எல்லா வேகத்தையும் செலவழித்துவிடாதே.

அவருடைய ஹியூமரெஸ்க் என்ற நீண்ட படைப்பு 1839 இல் வந்தது. அதில் ஓரிடத்தில் வழமையான இரண்டு ஐந்துகோட்டு வரிசைகளுக்கு நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதில் ஒரு மெட்டு எழுதி, உள்ளே இருக்கும் குரல் என்று ஜேர்மன் மொழியில் பெயரும் போட்டிருக்கிறார். அந்த மெட்டை வாசிக்கக் கூடாது. வலது கை மேலேயும் இடது கை கீழேயும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவிலுள்ளதை வாசிப்பவர் மனதுக்குள்ளே பாட வேண்டும். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரி இருப்பதே தெரியாது. அப்படியானால் எதற்கு எழுதினார்? மேலேயும் கீழேயும் ஓடும் சுரங்களில் அந்த மெட்டின் துணுக்குகள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே பாடிக்கொண்டு வாசிப்பவருடைய விரல் அந்தத் துணுக்குகளில் தானாகவே சற்று வேறாகப் படியும். வரியை மூடி வைத்துவிட்டு ஒரு தடவையும், திறந்து வைத்து ஒரு தடவையும் வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் இருக்கிறது.

ஷுமான் பெரிய பியானோக் கலைஞராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர். இருபது வயதை ஒட்டிய காலத்தில் வலது கை விரல் ஒன்று சொற்கேளாமற் போய், அந்த ஆசை முடிந்தது. காரணம் என்ன என்பதில் வைத்தியர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையை இங்கே கொண்டுவர மாட்டேன். தன் விரலால் வாசிக்க முடியாமற் போன ஒருவர், விரலுக்கு அப்பால் உள்ளதையும் தாளில் எழுதத் துணிந்தார் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, புரியாத குறி எதைக் கண்டாலும் இது மனதுக்கு எழுதியது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. சில குறிகள் சொல்லுக்குச் சொல் செய்ய வேண்டியவையாகவே எழுதப்பட்டன. பின்னர் மாறியது வாத்தியம். இதற்கு நல்ல உதாரணம் நீங்கள் எல்லோரும் கேட்ட பேத்தோவனின் மூன்லைற் சொனாட்டா. 1802 இல் அச்சில் வந்தபோது அதன் தலையிலேயே, இந்தப் பகுதி முழுவதையும் மிக மென்மையாகவும் சோர்தினோ இல்லாமலும் வாசிக்க வேண்டும் என்று இத்தாலிய மொழியில் இருந்தது. வயலின்காரருக்கு சோர்தினோ என்றால் ஒலியைக் கம்மச் செய்யும் சிறு கருவி. ஆகவே மெல்லொலிப் பெடலைத் தொடாதே என்பதுதான் பொருள் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. பியானோவில் அந்தச் சொல் குறிப்பது டாம்பரை, அதாவது விரலை எடுத்ததும் தந்தியில் வந்து படிந்து ஒலியை நிறுத்தும் கம்பளி ஒட்டிய சிறு கட்டைகளை. டாம்பர் இல்லாமல் என்றால் எல்லாத் தந்திகளும் திறந்தே இருக்க வேண்டும். இன்றைய சொல்லில், வலது பெடலை அமத்திக்கொண்டு வாசி.

முழுப் பகுதியிலும் அப்படியே வைத்திருப்பதா? இன்றைய கிராண்ட் பியானோவில் அப்படிச் செய்தால் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். பேத்தோவன் காலத்து வியன்னா பியானோ இலேசானது. அதன் ஒலி விரைவாகவே தேய்ந்துவிடும். டாம்பரை உயர்த்துவதற்குக் காலுக்குப் பெடல்கூட இல்லாமல், முழங்காலால் தள்ளும் பலகை இருந்த வாத்தியங்கள் அவை. ஆகவே இங்கே குறியின் சொல்லைக் கைவிட்டு நோக்கத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெடலை மாற்ற வேண்டும். முழுவதாக விடாமல் அரைவாசி விட்டு மாற்றலாம். பழைய சுரத்தின் நிழல் புதியதன் மேல் கொஞ்சம் விழவேண்டும். துடைத்து வைத்தது போலச் சுத்தமாக வாசித்தால் பேத்தோவன் கேட்டது கிடைக்காது.

இடது பெடலிலும் இதே கதைதான். ஒரு தந்தி என்று பேத்தோவன் எழுதினால் அவருடைய வாத்தியத்தில் சுத்தியல் ஒதுங்கி, மூன்று தந்திகளில் ஒன்றில் மட்டும் அடிக்கும். இன்றைய கிராண்டில் பொதுவாக அது இரண்டு வரைதான் போகும். எங்கள் பாடசாலையில் உள்ளதுபோன்ற நின்ற பியானோவில் சுத்தியல் ஒதுங்குவதே இல்லை, தந்திக்குக் கிட்ட வரும், அவ்வளவுதான். ஒலி கொஞ்சம் குறையும், நிறம் மாறாது. அந்த நிறத்தை விரலால்தான் தேடவேண்டும்.

சுருக்கக் குறிகள் தரும் வேடிக்கையையும் ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன். சில தாள்களில் சுரத்தின் அருகே எம்.டி., எம்.எஸ். என்று இருக்கும். முதலாவது இத்தாலிய மொழியில் வலது கை, இரண்டாவது இடது கை. எங்கள் தொழிலிலே எம்.டி. என்றால் பொது வைத்திய நிபுணர், எம்.எஸ். என்றால் சத்திரசிகிச்சை நிபுணர். இதில் எந்தத் தரப்பு இடது கை என்பதை வைத்தியசாலைத் தேநீர் நேரத்தில் நான் பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் பிரதிகளில் பக்கத்தின் அடியில் வி.எஸ். என்று இருந்தால் அது யாருடைய இனிஷியலும் இல்லை. பக்கத்தைச் சட்டென்று புரட்டு என்பதுதான்.

பிரான்ஸின் எரிக் சட்டி இந்த வழமைகளையெல்லாம் வைத்து விளையாடினார். பல்வலி வந்த இராப்பாடிக் குருவி போல வாசி என்று 1913 இல் வந்த ஒரு படைப்பில் எழுதினார். நொசியன் என்ற சிறு படைப்புகள் சிலவற்றில் தாளக் கோடுகளையே போடாமல் விட்டு, தலையைத் திற என்பது போன்ற கட்டளைகளைச் சுரங்களுக்கு நடுவே வைத்தார். மக்கள் சிரித்து இரசிக்கத் தொடங்கியதும், 1914 இல், வாசிக்கும்போது இந்த வாசகங்களை உரத்துப் படிக்கக் கூடாது என்று தடையும் போட்டார். வெக்சாசியோன் என்ற அவருடைய ஒரு பக்கத் தாளில் 840 தடவை என்று ஒரு குறிப்பு இருக்கிறது. 1963 இல் நியூயோர்க்கில் ஜோன் கேஜ் ஆட்களைத் திரட்டி, முறை வைத்து மாறி மாறி இருந்து, உண்மையாகவே 840 தடவை வாசித்து முடித்தார்கள். பதினெட்டு மணித்தியாலங்களுக்கு மேலே போனது. அது அவசியமா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். ஒரு குறியைக் கண்டால் இது என்ன என்று கேட்பதற்கு முன்னர், இதை எழுதியது யார் என்று கேட்க வேண்டும். வைத்தியசாலையில் ஒரு நோயாளரின் கட்டிலடி அட்டையில் எதை எழுதினாலும் கையெழுத்தும் நேரமும் வைப்போம். யார் எழுதியது என்று தெரியாத மருந்துக் கட்டளையை எந்த நல்ல தாதியும் நிறைவேற்ற மாட்டார். இசைத்தாளில் அந்தக் கையெழுத்து இல்லை. இசையமைப்பாளர் போட்டதும் பதிப்பாசிரியர் போட்டதும் ஒரே மையில் ஒரே அச்சில் கிடக்கும்.

பாஃக்கைப் பாருங்கள். அவருடைய 48 பிரெலூட், ஃபியூக் புத்தகங்களில் வேகக் குறிகள் மிகமிக அரிது. பலம், மென்மை பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஆனால் பழைய பதிப்புகளில் வரிக்கு வரி கட்டளைகள் இருக்கும். அவற்றுட் பல, 1830களில் பேத்தோவனின் மாணவர் செர்னி போட்டவற்றின் வழி வந்தவை. செர்னி அறிவில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய காலத்துப் பியானோவுக்கு அவர் சொன்ன யோசனை அது. யோசனை கட்டளையாகிப் போனதுதான் கரைச்சல். இப்போதைய பரீட்சைப் புத்தகங்களில் சதுர அடைப்புக்குள் இருக்கும் மெட்ரோனோம் எண் பதிப்பாசிரியருடைய யோசனை மட்டுமே என்று அந்தப் புத்தகங்களிலேயே போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தக் குறிப்பை வாசிப்பதில்லை. எண்ணைப் பிடிக்க முடியவில்லை என்று அழுகிறார்கள்.

எண் கூடச் சில வேளைகளில் உதவாது. பேத்தோவன் தன்னுடைய 32 சொனாட்டாக்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான், அதுதான் ஹம்மர்கிளேவியர், மெட்ரோனோம் எண் கொடுத்தார். முதற் பகுதிக்கு அவர் கொடுத்த 138 ஐ அப்படியே பிடிக்க முயன்றவர்கள் சிலர், கைவிட்டவர்கள் பலர்.

இனிப் பென்சில் குறிகள். சொப்பினிடம் படித்த ஜேன் ஸ்டேர்லிங் என்ற ஸ்கொற்லாந்துப் பெண், அவர் தன்னுடைய பிரதிகளில் பாட நேரத்தில் போட்ட குறிகளோடு ஏழு தொகுதிகளாகக் கட்டி வைத்தார். விரல் எண்கள், திருத்தங்கள், அலங்காரச் சுரங்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. இன்று அவை பரிசில் தேசிய நூலகத்தில் உள்ளன. சொப்பின் 1849 இல் இறந்துவிட்டார். அவர் எப்படிக் கற்பித்தார் என்பதை அறிய, இன்று நல்ல பதிப்புகளைத் தயாரிப்பவர்கள் அவருடைய மாணவர்களின் அப்படிப்பட்ட பிரதிகளைத்தான் தேடிப் போகிறார்கள்.

எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. சங்கீத அறையின் மூலையிலுள்ள மர அலுமாரியில் பழைய இசைத்தாள்கள், ஞானப்பாட்டுப் புத்தகங்கள், பரீட்சைப் புத்தகங்கள் என்று இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. அறையைத் திருத்தும்போது அவற்றை எறிந்துவிடலாம் என்று ஒரு யோசனை இருப்பதாக அறிகிறேன். பூச்சி அரித்தவை, பழைய பாடத்திட்டம், எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்பது காரணம். அச்சடித்தது கிடைக்கும்தான். அதன்மேல் எங்கள் ரீச்சர்மார் பென்சிலால் எழுதியது கிடைக்காது.

நான் போய்ப் பார்த்தேன். சில சுரங்களுக்கு மேலே மூக்குக்கண்ணாடி ஒன்று வரையப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் வாத்தியக்காரர் பாவிக்கும் குறி அது: இங்கே கண்ணைத் திறந்து பார், இந்த இடத்தில் தவறுவாய். ஞானப்பாட்டுகளில் சில சொற்களின் கீழே சிறு கோடுகள். காலைப் பிரார்த்தனையில் அறுநூறு பிள்ளைகள் மூச்செடுக்கும் இடம் அது. பியானோவை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் ரீச்சரின் முதுகு எனக்கு நினைவில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அதிகமாக என்னை யோசிக்க வைத்தவை கைக்காகப் போட்ட குறிகள். பெரிய கூட்டுச் சுரங்களின் அருகில் நெளிகோடு வரைந்திருக்கிறார்கள். ஒரேயடியாக அடிக்காமல் கீழிருந்து மேலாக விரித்து வாசி என்பதற்கு. சில இடங்களில் ஒரு சுரத்தைச் சுற்றி அடைப்பு, அதை விட்டுவிடலாம். இன்றைய பியானோவில் ஒரு கட்டையிலிருந்து எட்டாவது கட்டைக்கு ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர். பெரிய ஆண் கைகளுக்கு அது ஒன்றுமில்லை. பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு அது கையின் கடைசி எல்லை. அந்த எல்லையிலே மணிக்கணக்கில் பயிற்சி செய்தால் மணிக்கட்டும் முன்கையும் நோகத் தொடங்கும். அப்படிப்பட்ட பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நோகும்வரை பயிற்சி செய்வதுதான் நல்ல பயிற்சி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கைமாரே, பியானோவில் நோவு என்பது நிற்பாட்டு என்ற குறி. அதற்கு வேறு பொருள் கிடையாது. கை எட்டாத பரீட்சார்த்தி ஒரு சுரத்தை விடவோ விரித்து வாசிக்கவோ றோயல் ஸ்கூல்ஸ் பரீட்சையிலேயே இடமிருக்கிறது. எங்கள் ரீச்சர்மார் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, எந்தப் பிள்ளையின் கை எவ்வளவு எட்டும் என்று பார்த்து, அவளவளின் பிரதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பிரதியில் ஒரே சுரத்துக்கு மூன்று விதமான விரல் எண்கள் இருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக. மூன்று பிள்ளைகள் அந்தப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள் போலும்.

ஆகவே செயற்குழுவிடம் என் வேண்டுகோள் இது. அலுமாரியிலுள்ளவற்றை மூன்றாகப் பிரிப்போம். பென்சில் குறி இல்லாமல் அரித்துப்போனவற்றை எறியலாம். குறி இல்லாமல் நல்ல நிலையில் உள்ளவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். குறி உள்ளவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மூலப்பிரதிகளைக் காற்றுப் படும்படி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பசை நாடா ஒட்ட வேண்டாம். அது காய்ந்து மஞ்சளாகித் தாளையும் சேர்த்துத் தின்னும். அழிறப்பரைத் தயவுசெய்து அந்த அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

படம் எடுக்கும் வேலைக்கு இரண்டு சனிக்கிழமைகள் போதும் என்று நினைக்கிறேன், நான் வருவேன். எந்தக் குறியை எந்த ரீச்சர் எழுதினார் என்பதைப் பிரதியின் பின்னால் குறித்து வைக்க வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே பியானோ படித்த அக்காமாரால்தான் அந்தக் கையெழுத்துகளை இப்போது அடையாளம் சொல்ல முடியும். வரக்கூடியவர்கள் இன்று தேநீருக்குப் பிறகு செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வரும்போது உங்கள் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வாருங்கள்.